அப்பாவின் மலையாடுகள்: சுவரில் இரண்டு, கனவில் ஒன்று

பெங்களூரு அல்சூரிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 78 வயது. ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் இருந்தவர். 1969 முதல் 1971 வரை லடாக்கில் பணியாற்றியபோது ஒரு பரலையும் ஒரு ஷாப்போவையும் சுட்டிருக்கிறார். இரண்டும் மலையாட்டு வகை. மைசூர் வான் இங்கன் பட்டறையில் பாடம் பண்ணிய அந்தத் தலைகள் இன்று மகள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகின்றன. அதன் பிறகு அவர் எதையும் சுட்டதில்லை. ஆனால் மலையாடு மனதை விட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் மூணாறு போய் வரையாடு பார்க்கிறார். கொம்பு வளையங்களை எண்ணி நோட்டில் எழுதுகிறார். இப்போது கோயம்புத்தூரில் உள்ள மனையை விற்று, தஜிகிஸ்தான் பாமிர் மலையில் ஒரு மார்க்கோ போலோ ஆட்டைச் சுட்டுவிட்டு வர வேண்டும் என்கிறார். இதற்கிடையில் ஏஜென்ட் ஒருவர் தொலைபேசியில் வந்து, "பாமிர் எதற்கு சார், லடாக்கிலேயே உள்ளூர் அனுமதியோடு பரல் சுட ஏற்பாடு செய்கிறேன்" என்று சொல்லி 75,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. வெளிநாட்டில் சுட்டால் அப்பாவைத் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கைது செய்வார்களா? மனையை விற்க விடாமல் தடுக்க வழி உண்டா? அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒரு தலையைக் கொண்டுபோக விரும்புகிறார், கொடுக்கலாமா? அம்மாவோ இரண்டையும் இரவோடு இரவாக ஏரியில் போட்டுவிடலாம் என்கிறார். "ஐம்பது வருஷத்துக்கு முந்தின பொருள், அதனால் அந்தத் தலைகளால் பிரச்சினை இல்லை என்று அப்பா சொல்கிறார்" என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது. நீங்கள் பாமிரை நினைத்து உறக்கம் கெட்டிருக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் உங்கள் குடும்பத்துக்கு உடனடி ஆபத்து உங்கள் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. அடுத்த ஆபத்து அந்த ஏஜென்டின் தொலைபேசி எண். பாமிர் மூன்றாவதாகத்தான் வருகிறது. மூன்றையும் ஒரே பயமாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் தனித்தனியாகப் பார்ப்போம்.

சுவரில் உள்ள தலைகள்

"சட்டம் வருவதற்கு முன் சுட்டது" என்பது உண்மையாக இருக்கலாம். சுட்டது குற்றமா என்ற கேள்விக்கு அது பதில். வைத்திருப்பது குற்றமா என்பது வேறு கேள்வி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 40ஆம் பிரிவின்படி, பட்டியலில் உள்ள விலங்கின் தலை, தோல், கொம்பு போன்றவற்றை வைத்திருப்பவர்கள் சட்டம் தொடங்கிய 30 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும். தவறவிட்டவர்களுக்காக 2003 ஏப்ரலில் தனி விதிகள் வந்தன. 180 நாள் அவகாசம் கிடைத்தது. அறிவித்தவர்களுக்கு 42ஆம் பிரிவின்படி உரிமைச் சான்றிதழ் தரப்பட்டது. உங்கள் அப்பா இரண்டு முறையும் அறிவிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. பரலும் ஷாப்போவும் இன்று அச்சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியலில் உள்ளவை. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 57ஆம் பிரிவின்படி, பொருள் உங்கள் வசம் இருந்தது என்று நிரூபணமானால் போதும். அது சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். சட்டப்படிதான் வைத்திருந்தோம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். வீடு உங்கள் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கேள்வி அப்பாவிடம் மட்டும் கேட்கப்படும் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் பெங்களூருவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிப் போட்டியாளர் புலிநகப் பதக்கம் அணிந்ததற்காகப் படப்பிடிப்புத் தளத்திலிருந்தே கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு கர்நாடகத்தில் வனத்துறையின் பார்வை வீட்டுச் சுவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 தொடக்கத்தில் மாநில அரசு ஒப்படைப்பு அவகாசம் ஒன்றை அறிவித்தது. அதைப் பற்றிய செய்தித் துணுக்குகள் இன்னும் வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. அதை நம்பி இன்று எதையும் செய்யாதீர்கள்.

தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக வழியே இல்லை. சென்னையில் உள்ள உறவினர் வீட்டுக்குக் காரில் அனுப்புவதும் கூடாது. கொண்டுசெல்வதற்கே தனி அனுமதி தேவை. சான்றிதழ் உள்ளவர்கள்கூட மாநிலம் மாற்றினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 43ஆம் பிரிவு. விற்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பழம்பொருள் விற்கும் இணையதளங்களில் படம் போடுவது, உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சியத்தைப் பதிவேற்றுவது போல.

ஏரியில் போடுவதை அம்மா பயத்தில் சொல்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் அப்படிச் செய்தால் சாட்சியத்தை அழித்தது என்ற இன்னொரு குற்றமும் சேரும். இரவில் கொம்போடு அல்சூர் ஏரிக் கரையில் நிற்கும் ஒருவரைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தலைகளை இருக்கும் இடத்திலேயே விடுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பலகை, வான் இங்கன் சீட்டு எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தொடுவதானால் கையுறையும் முகக்கவசமும் அவசியம். அந்தக் காலத்தில் தோல் பாடம் பண்ண ஆர்செனிக் கலந்த பொருள்களைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். இறகுக் குச்சியால் தூசி தட்டினால் அது மூச்சில் போகும். பிறகு ஆவணங்களைத் தேடுங்கள். ஷாப்போவுக்கு உரிய 1971 லைசென்ஸின் கார்பன் பிரதி இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது பெரிய பலம். பரலுக்கு லைசென்ஸ் இல்லை. பட்டறைச் சீட்டு மட்டும் போதாது. அந்தப் பட்டறை 1999 வரை இயங்கியதால், சீட்டு எந்த ஆண்டையும் நிரூபிக்காது. பட்டறையின் பில், ரயில் பார்சல் ரசீது, தேதியுள்ள புகைப்படம், அப்பாவின் பணிப்பதிவேட்டில் லடாக் நியமன ஆணை என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

இவற்றோடு வன உயிரின வழக்கு நடத்திப் பழகிய ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் மூலம் மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு, தாமாக முன்வந்து தெரிவித்து ஒப்படைக்கும் கடிதம் கொடுப்பதே நான் சிபாரிசு செய்யும் வழி. இதில் ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. 2022 திருத்தத்தில் வந்த 42ஏ பிரிவு, 7 வேலைநாள் அறிவிப்புக் கொடுத்துப் பொருளை ஒப்படைக்க வழி செய்கிறது. ஆனால் அது சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கானது. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்காது. எனவே கடிதத்தின் வாசகத்தை வழக்கறிஞர் எழுத வேண்டும். தேவைப்பட்டால் முன்ஜாமீன் மனுவையும் அவர் தயாராக வைத்திருப்பார். "பழைய தேதி போட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது கள்ள ஆவணம். இப்போதுள்ள சிக்கலைப் பத்து மடங்காக்கும்.

"இருக்கிற வரை இருக்கட்டும், அப்பாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றும் எண்ணாதீர்கள். வாரிசாகப் பெறுபவர் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அப்போது எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இருக்க மாட்டார்.

லடாக் ஏஜென்ட்

இவரோடு உள்ள தொடர்பு இன்றே நிற்க வேண்டும். இந்தியாவில் எந்த மாநிலத்திலும், எந்த யூனியன் பிரதேசத்திலும் பொழுதுபோக்குக்காகப் பரல் சுட அனுமதி கிடையாது. மனித உயிருக்கு ஆபத்தான அல்லது பிழைக்க முடியாத அளவுக்கு நோயுற்ற முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல 11ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான, காரணம் காட்டிய உத்தரவு வேண்டும். அது விற்பனைக்கு வருவதல்ல. "லடாக்குக்குத் தனிச் சட்டம்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் ஜம்மு காஷ்மீருக்கு 1978ஆம் ஆண்டின் தனி வன உயிரினச் சட்டம் இருந்தது. 2019 அக்டோபர் 31க்குப் பிறகு மத்தியச் சட்டமே அங்கும் செல்லுபடியாகிறது. அப்பாவின் நினைவில் இருக்கும் லடாக்கும் இன்றைய லடாக்கும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. ஏஜென்ட் பிடித்துக்கொண்டது அந்த நினைவைத்தான்.

சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடிப்பது, துரத்துவது, அதற்கான முயற்சி எல்லாம் அதில் அடங்கும். ஆகவே, "போய்ப் பார்ப்போம், சுடாமல் வந்துவிடலாம்" என்ற சமாதானமும் உதவாது. கொடுத்த பணத்தைப் பற்றி: உரையாடல்களையும் யுபிஐ ரசீதையும் அழிக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் புகாரில் எதற்காகப் பணம் கொடுத்தோம் என்று எழுதியாக வேண்டும். அந்த வாசகத்தை முதலில் வழக்கறிஞர் பார்க்கட்டும். அதே நாளில் இரண்டையும் செய்துவிடலாம்.

பாமிர்

உங்கள் அப்பாவின் இந்த ஆசையைப் 'பைத்தியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வர்ணித்துவிட்டுப் போன ஆடு அது. 1838இல் ஆய்வுப் பயணி ஜான் வுட் ஆமு தாரியா நதியின் மூலத்தைத் தேடிப் போய்க் கொம்புகளைக் கொண்டுவந்த பிறகு, 1841இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். வளைவோடு அளந்தால் ஆறடியைத் தாண்டிய கொம்புகள் பதிவாகியிருக்கின்றன. உலகம் முழுக்க மலையாட்டின் பின்னாலேயே ஆயுளைச் செலவழித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஒரே ஒரு பெருங்கொம்பு ஆட்டுக்கான அனுமதி 2013இல் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அப்பா தனியாள் இல்லை.

இனி உங்கள் கேள்வி. நம் வன உயிரினச் சட்டம் இந்தியாவுக்குள் நடப்பதற்கானது. தஜிகிஸ்தானில் அந்நாட்டு அனுமதியோடு நடக்கும் வேட்டைக்காக மட்டுமே இங்கே அவரைக் கைது செய்ய அதில் இடமில்லை. விமான நிலையத்தில் சிக்கல் வருவது பெட்டிக்குள் இருப்பதால். மார்க்கோ போலோ ஆடு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. கொம்பு, தோல், தலை, ஒரு பிடி மயிர் எதுவானாலும் அந்நாட்டு ஏற்றுமதி அனுமதியும், இங்கே வன உயிரின, சுங்க, கால்நடை நோய்த்தடுப்பு அனுமதிகளும் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. வந்தால் பறிமுதலும் வழக்கும்தான். வயதும் காப்பாற்றாது. கிர்கிஸ்தானிலிருந்து கடத்திவந்த மார்க்கோ போலோ ஆட்டின் திசுவைக் கொண்டு குளோனிங் செய்து கலப்பின ஆடு வளர்த்த மொன்டானா பண்ணையாளருக்கு 2024இல் 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்கு வயது 81. என் கருத்து: அப்பா போவதே உறுதியானால், எதையும் கொண்டுவருவதில்லை என்று புறப்படும் முன்பே முடிவு செய்யட்டும். அளவும் படமும் போதும். வீட்டில் ஏற்கெனவே இரண்டு தலை படுத்தும் பாடு போதாதா?

வேட்டைப் பணம் மலையாட்டைக் காப்பாற்றுகிறது என்று அப்பா சொல்வது முழுப் பொய்யல்ல. காவலுக்கும் ஊராருக்கும் அந்தப் பணம் போய்ச் சேரும் இடங்களில் பலன் உண்டு. மறுபக்கமும் உண்டு. கனடாவில் அல்பர்ட்டாவின் ராம் மலையில் 30 ஆண்டுத் தரவை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெரிய கொம்புள்ள கிடாக்களையே தேர்ந்து சுட்டதால் அடுத்தடுத்த தலைமுறைகளின் கொம்பும் எடையும் குறைந்ததைக் காட்டியது. கொம்பு நன்றாக வளரும் கிடா, இனப்பெருக்கத்தில் முன்னுக்கு வருமுன்பே குறிபார்க்கப்படுகிறது. வளையம் எண்ணத் தெரிந்த உங்கள் அப்பாவுக்கு இது உடனே புரியும். அவரிடமே கேளுங்கள்.

உடம்புதான் எனக்குப் பெரிய கவலை. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தான் பாமிரில் உள்ள முர்காப் போகும் சாலை ஒரே நாளில் 4,280 மீட்டர் கிசில் ஆர்ட் கணவாயையும் 4,655 மீட்டர் அக் பைட்டல் கணவாயையும் தாண்டும். முர்காப் ஊரே 3,600 மீட்டருக்கு மேல். வேட்டை முகாம்கள் இன்னும் உயரத்தில். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்குத் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. பத்து நாள் வேட்டைத் திட்டங்களில் இதற்கு நேரமே இருக்காது. நுரையீரலில் நீர் கோத்தால் உடனே கீழே இறக்க வேண்டும். அந்தப் பீடபூமியில் 'கீழே' என்பது ஒரு நாள் பயணம். எக்கோ, டிரெட்மில் சோதனை முடித்து, இதய மருத்துவர் எழுத்தில் தராமல் முன்பணம் கட்ட விடாதீர்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உயர எல்லையையும் 'ஆபத்தான விளையாட்டு' விலக்கையும் வரிவரியாகப் படியுங்கள்.

துப்பாக்கி

அப்பாவின் 315 ரைஃபிள் உரிமம் வைத்துக்கொள்ளத்தான். நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகத் தனி அனுமதிகள் வேண்டும். அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. அதைவிட முக்கியம்: அவருடைய பழைய வேட்டைக் கோட்டு, பை, பைனாகுலர் உறை எல்லாவற்றின் பாக்கெட்டுகளையும் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்து, ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ரைஃபிளைப் பொறுத்தவரை, 70 வயதைத் தாண்டிய உரிமதாரர் தம் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

மனை

தடுக்க முடியாது. அது அவர் சம்பாத்தியத்தில், அவர் பெயரில் வாங்கிய சொத்து. விற்க உங்கள் கையெழுத்தோ தம்பியின் கையெழுத்தோ தேவையில்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அவரைப் பிள்ளைகளிடமிருந்து காப்பதற்காக வந்தது. அவரைக் கட்டுப்படுத்த அல்ல. சுயநினைவோடு நோட்டு எழுதி, கணக்குப் போட்டு வாழும் மனிதருக்குப் பாதுகாவலர் நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போனால் வழக்கும் நிற்காது, உறவும் நிற்காது. பத்திரத்தில் அம்மா பெயரும் இருந்தால் மட்டும் கதை வேறு; அதைப் பாருங்கள். அம்மாவின் மருத்துவத்துக்கும் வாழ்வுக்கும் ஒரு தொகையை அவர் பெயரில் வைப்புநிதியாக முதலில் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. மீதி அவர் பணம். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் வங்கி வழியாக மட்டுமே; ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு. ஹவாலா, கையில் டாலர் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

இவ்வளவு தடைகளைச் சொன்னவள், அவருக்குத் திறந்திருக்கும் ஒரு வழியையும் சொல்லத்தான் வேண்டும். லடாக்கில் ரும்பாக் பள்ளத்தாக்கில் நவம்பர் கடைசி முதல் பரல் கிடாக்கள் முட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். சிந்து நதிக் கரையோரச் சரிவுகளில் ஷாப்போ இன்னும் மேய்கிறது. லே 3,500 மீட்டர். சாலை உண்டு, மருத்துவமனை உண்டு. விலங்குகளைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப் தொலைநோக்கியும் மூவர் போய்வரும் செலவும் பாமிர்ச் செலவில் சிறு பங்குதான். இதற்கும் மருத்துவர் ஒப்புதல் வேண்டும், முதல் மூன்று நாள் லேயில் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும். 55 ஆண்டுக்குப் பிறகு அந்த மலையை அவர் பார்ப்பதற்கு எந்த அலுவலகத்திலும் வேட்டை அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அதற்கு முன், இந்த வாரமே அவரோடு உட்காருங்கள். பாமிரைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். அந்த இரண்டு ஆடுகளைப் பற்றிக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நாலா (மலை ஓடைப் பள்ளத்தாக்கு), லைசென்ஸ் எந்த அலுவலகத்தில் வாங்கினார், உடன் வந்தவர் யார், மைசூருக்கு எப்படி அனுப்பினார். அவர் கையாலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடட்டும். அதை வனத்துறையிடம் நேராகக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வழக்கறிஞர் கையில் கொடுங்கள், அவரிடம் சொல்வது ரகசியமாகவே இருக்கும். லைசென்ஸ் இல்லாத அந்தப் பரலுக்கு உங்களிடம் இருக்கும் முதல் ஆவணம் அதுதான்.